புஸ்பம் எழுத மறுத்த வரி

தேற்றாத்தீவு வாவி மீனவர் சங்கத்துக்குப் புஸ்பம் செயலாளரானது ஐம்பத்திரண்டாவது வயதில். கணினி பழகியதும் அதற்குப் பிறகுதான். சங்கக் கணினியில் இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் காலாவதியாகி, புதுப்பிக்கச் சொல்லி ஓயாமல் திரையை மறைத்துக்கொண்டிருந்தது. போன வாரம் அவளே அதைக் கணினியிலிருந்து கழற்றினாள். மறுநாளிலிருந்து கணினியைப் போடும்போதெல்லாம் இரண்டு பிழைச் செய்திகள் வந்து நின்றன. இரண்டையும் மூடிவிட்டால் வேலை நடக்கும். ஆனால் உதவிச் செயலாளர் சதீசன் அதைப் பார்த்துவிட்டான்.

ஞாயிறு காலைக் கூட்டத்தில் தலைவர் நல்லரத்தினம் எடுத்த எடுப்பிலேயே தொடங்கினார்.

“கூட்டக் குறிப்பில எழுது புஸ்பம். செயலாளரின் கவனயீனத்தால் கணினி பழுதடைந்தது. இனி அதைச் சதீசன் பார்ப்பான்.”

புஸ்பம் பேனையை மேசையில் வைத்தாள்.

“அத நான் எழுத மாட்டன் அண்ணன்.”

இருபது ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். சதீசன் எழுந்தான். “டவுன் கடையில கேட்டுட்டன். எல்லாத்தையும் அழிச்சுப் போர்மட் அடிக்கத்தான் வேணுமாம்.”

“அந்தப் பிழைப் பெட்டியில என்ன எழுதிக் கிடக்கெண்டு கடைக்காரருக்குச் சொன்னியா? நீயாவது வாசிச்சியா?”



புஸ்பம் கணினியைப் போட்டாள். என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு நாளாகத் தொலைபேசியில் தேடி வாசித்திருந்தாளே தவிர, செய்து பார்த்ததில்லை. தோணிப் பட்டியலை மட்டும் பென்டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தாள்.

பிழைச் செய்திகள் வந்தன. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

“ஒரு கோப்பக் காணல்ல எண்டுதான் சொல்லுது. அது நான் கழட்டின மென்பொருள்ட கோப்பு. வேலையால ஆள அனுப்பிட்டம், காலையில கூப்பிடுற பட்டியல்ல பேர் மட்டும் கிடக்கு, அது மாதிரி. பேர வெட்டினாச் சரி.”

கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்து, பழைய மென்பொருளின் பெயரைத் தேடி நிறுத்தினாள். கணினியை அணைத்துப் போட்டாள். ஒரு பெட்டி வந்தது.

“அப்படியேதானே கிடக்கு,” என்றான் சதீசன்.

“ரெண்டு கிடந்த. இப்ப ஒண்டு.”

அடுத்ததாக, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கிவைக்கும் பகுதிக்குப் போனாள். நீளமான பட்டியல். ஒவ்வொரு வரியாக வாசித்தாள். யாரோ இருமினார்கள், அவள் அவசரப்படவில்லை. கடைசிக்குச் சற்று மேலே அதே பெயர் இருந்தது. அழித்தாள். திரும்பவும் அணைத்துப் போட்டாள்.

வெறும் திரை. எந்தப் பெட்டியும் வரவில்லை.

“அப்ப வைரஸ் வந்தா?” பின்வரிசையிலிருந்து உதயரூபன் கேட்டார்.

“விண்டோஸோடயே ஒரு காவல் வருது. அது வேலை செய்யுது, பார்த்துட்டன்.”

நல்லரத்தினம் துவாயால் கழுத்தைத் துடைத்தார். “சரி, அந்தக் கதைய விடுவம்.”

“விட ஏலா அண்ணன். எல்லாருக்கும் முன்னால பழுதெண்டு சொன்னீங்க. இப்ப பழுதில்ல எண்டு சொல்லுங்க.”

உதயரூபன்தான் சொன்னார்: “அவ கேக்கிறது நியாயம்தானே.”

“பழுதில்ல,” என்றார் தலைவர்.

“ஆரு திருத்தின?”

“நீதான்.”

“இனி ஆரு பார்க்கிற?”

அவர் சதீசனைப் பார்த்தார். அவன் வாவிப் பக்கமாகத் திரும்பி நின்றான்.

“நீயே பாரு.”

புஸ்பம் அந்த மூன்று பதிலையும் கூட்டக் குறிப்பில் எழுதி, வாசித்துக் காட்டி, தலைவரிடம் கையொப்பம் வாங்கினாள். செவ்வாய்க்கிழமை கடற்றொழில் பரிசோதகர் வருகிறார். பதினான்கு தோணிகளின் விபரம் இன்னும் கணினியில் ஏற்றப்படவில்லை.

“பதியாத ஆக்கள் வரிசையா வாங்க,” என்றாள். “சதீசன், முதல்ல நீ வா. உன்ட தோணிட நீளம் எவ்வளவு?”