கதாநாயகியின் இருமல்

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான அந்தப் பயிற்சி வகுப்பில் பழைய ஆங்கில நாவல்களை நடத்தியவருக்குச் ‘சாவு வாத்தியார்’ என்று பெயர். எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார். “யார் சாகறா, எதுல சாகறா? அதை மொதல்ல படிங்கடா. கல்யாணத்துக்கு ரெண்டு மார்க்கு, சாவுக்குப் பத்து.”

ஆகவே, இந்த வருட நாவலின் நாயகி இருமி இருமியே செத்துப்போவாள் என்பது, ஒல்லி உடம்பால் வகுப்பில் ‘ஒட்டடைக்குச்சி’ என்று பெயர் வாங்கிய பையனுக்கு முதல் நாளே தெரியும். தெரியாதவர் அவன் அப்பாதான்.

அப்பா தையல்காரர். அவருக்கும் அதே இருமல். உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார் டாக்டர். அப்பா கட்டிலைவிட்டு அசையவில்லை. மகன் படித்துப் படித்துத் தமிழில் சொல்லும் கதைக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“அந்தப் புள்ளைக்கு இன்னிக்கு எப்படிடா இருக்கு?”

“காய்ச்சல்ப்பா.”

“வராதா பின்ன? மழையில நிக்கிற பொண்ணுக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடுக்க ஊர்ல நாதியில்ல. அவ பொழைக்கட்டும், அப்புறம் நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்.”

அம்மா அவனை அடுப்படிக்கு இழுத்தாள். “பொழைக்க வச்சிடேன்டா. உங்கப்பன் வீட்டுச் சொத்தா போகுது?”

ஒட்டடைக்குச்சி பத்து மார்க் பதிலை விழுங்கிவிட்டு, நாயகியைக் கடற்கரைக்கு அனுப்பினான். நல்ல காற்று பட்டதும் தேறி, மாடிப்படிகூட ஏறிவிட்டாள். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அம்மா துணிமணியைப் பையில் அடுக்கினாள்.

“பையை உள்ள வைடி,” என்றார் அப்பா. “அவ எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா? காத்து வாங்கித்தானே பொழைச்சா? கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளுங்க.”

“அப்பா, அவ செத்துட்டாப்பா. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

“படிச்ச புள்ள, நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு பேசாதே. தள்ளுடா கட்டிலை.”

தள்ளினார்கள். காற்று நன்றாகத்தான் வந்தது. நாயகி சாவதற்கு ஏழெட்டு அத்தியாயம் எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. வாரம் திரும்புவதற்குள் போய்விட்டார்.

மாதிரித் தேர்வில் பத்து மார்க் கேள்வி வந்தது: நாயகியின் கடைசி நாட்களை விவரி. ஒட்டடைக்குச்சி கூடுதல் தாள் வாங்கி எழுதினான்.

சாவு வாத்தியார் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார். “பாருங்கடா, பக்கத்துல உக்காந்து பாத்த மாதிரி எழுதியிருக்கான்! ஆனா, தம்பி, இந்த ஜன்னல் புத்தகத்துல எங்கயும் இல்லையே? அதுக்கு அரை மார்க் குறைச்சிருக்கேன்.”

ஒட்டடைக்குச்சி எழுந்து நின்றான்.

“சரி சார்.”