பத்திரிகையில் பெயர்

தூக்கில் போடச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று காலை சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறவள் சொன்னால் தூக்கில் போட்டுவிடுவார்களா என்று சிரிக்க வேண்டாம். கேட்பதற்கு எனக்கு உரிமை இருந்தது.

என் தம்பி ஜெரோமுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இறந்தவர்கள் கொடையாகக் கிடைக்கும் சிறுநீரகத்துக்காக மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து காத்திருந்தோம். போன் அடித்தால் உடனே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் கொடுத்திருந்தது ஜெரோமின் நம்பர் ஒன்றைத்தான். போன மாதம் ஒரு காலையில் நான்கு முறை அடித்திருக்கிறார்கள். போன் எங்கள் பக்கத்திலேயே இருந்தது. சத்தமே வரவில்லை. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் உள்ளே புகுந்திருந்த ஒரு திருட்டு ஆப், பேங்க் பணத்தைத் திருடுவதற்காக, எங்களுக்கு வந்த அழைப்புகளையெல்லாம் எவனுக்கோ திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. சிறுநீரகம் வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த ஆப்பைச் செய்தவன் செம்பட்டிக்காரன். பெயர் விக்னேஷ்குமார், வயது இருபத்து நான்கு. எஸ்.ஐ. தமிழ்மதியின் அறையில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். மதியம் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தலையில் கொம்பு முளைத்திருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். பார்த்தால் காலரில் தையல் பிரிந்த ஒரு சட்டை. அந்த நேரத்திலும் தையலைப் பார்த்த என் கண்ணை நானே திட்டிக்கொண்டேன்.

"அக்கா, நான் யாரையும் ஒண்ணும் செய்யலக்கா. ஆப்பை எழுதி வித்தேன், அம்புட்டுதான். யாருக்கு அனுப்புனாங்கன்னே எனக்குத் தெரியாது" என்றான் அவன்.

"ஏலே, விஷத்தைக் காய்ச்சி வித்துட்டு எவன் குடிச்சான்னு தெரியாதும்பியா?"

கையை ஓங்கிவிட்டேன். கூட வந்திருந்த ஜெரோம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"செத்த நேரம் பொறுங்கக்கா" என்றார் தமிழ்மதி. "இதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்த மாதிரி ஆப் உள்ள போறப்ப, ஆபத்தா இருக்கலாம்னு போனே எச்சரிக்கை காட்டும். இவன் வக்கீல் அதைத்தான் பிடிப்பாரு. அதைப் பாத்தும் அவங்களேதானே அழுத்துனாங்கன்னு சொல்லித் தண்டனையைக் குறைக்கப் பாப்பாரு. உங்க போன்ல எச்சரிக்கை வந்துச்சா? அழுத்துனது யாரு?"

பேனா தாளின் மேல் நின்றது.

வந்தது. டயாலிசிஸ் படுக்கையில் ஜெரோம் படுத்திருந்தான், போன் என் கையில் இருந்தது. பிரான்சிஸ் சித்தப்பா நம்பரிலிருந்து பத்திரிகை வந்தது. அவர் போனும் ஏற்கெனவே இதே ஆப்பில் மாட்டியிருந்தது, பத்திரிகையை அனுப்பியது அவரே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு வயிறு எரிந்தது. பத்திரிகையிலாவது எங்கள் பெயரைப் போட்டிருக்கிறாரா என்று உடனே பார்த்தாக வேண்டும். என்னவோ எச்சரிக்கை காட்டுகிறதே, வேண்டாம் அக்கா என்றான் ஜெரோம். நீ சும்மா கிட என்றேன். போன் மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் அழுத்தினேன்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. படுக்கைக் களைப்பில் அவன் மறந்திருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் இந்த விக்னேஷ்குமார் தப்பித்துவிடுவான். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வந்துச்சு மேடம்" என்றான் ஜெரோம். "நான்தான் அழுத்துனேன்."

ஒரு கையில் டயாலிசிஸ் ஊசி, மறு கையில் பிரஷர் பட்டை. அன்றைக்கு அவன் எந்தக் கையால் அழுத்தியிருப்பான்? பாவி, எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. ஒரு மாதமாக எனக்காக அதை விழுங்கிக்கொண்டு, நான் வைத்த கஞ்சியையும் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பொய் மேடம். அவன் வேணாம்னுதான் சொன்னான். எச்சரிக்கையும் வந்துச்சு, அழுத்துனதும் நான்தான். சகாயசெல்வின்னு என் பேரையே எழுதுங்க."

தமிழ்மதி எழுதினார். விக்னேஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டான். அந்த மூச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ரொம்பச் சந்தோசப்படாத. நான் கூறுகெட்டுப்போய் செஞ்சேன். நீ தெரிஞ்சே செஞ்ச. ரெண்டும் ஒண்ணாயிராது."

"சரிக்கா. இவனுக்கு என்ன தண்டனை வேணும்னு கோர்ட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார் தமிழ்மதி.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சொல் வாய்க்கு வரவில்லை. ஜெரோமைப் பார்த்தேன்.

"என் தம்பிக்கு அந்தப் போன் மறுபடி வர்ற வரைக்கும் இவன் உள்ள இருக்கட்டும். ஒரு நாள் கூடவும் வேணாம், ஒரு நாள் குறையவும் வேணாம்."

"சட்டத்துல அப்படி ஒண்ணு இல்லக்கா."

"இல்லைன்னா இல்லாமப் போகட்டும். நான் கேட்டதை எழுதுங்க."

தமிழ்மதி அதையும் எழுதிக்கொண்டார். விக்னேஷ்குமார் ஜெரோம் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, அது எப்ப வரும்?"

"தெரியாதுப்பா" என்றான் என் தம்பி. "நாளைக்கே வரலாம். வராமயும் போகலாம்."

அப்போதுதான் அந்தப் பையன் அழ ஆரம்பித்தான்.