இரண்டு நிமிடம் பத்து விநாடி

விங் கமாண்டர் ரூபஸ் பால்ராஜ் விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று பாரிவாக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியேறியபோது, அவருடைய குரல் அவருக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி பின்னால் வந்துகொண்டிருந்தது. உதடு அசையும், சத்தம் வராது. பிறகு அவர் எங்கே போயிருந்தாலும் அது தேடிக்கொண்டு வந்து, சொன்னதைச் சொன்ன தொனியிலேயே அவர் வாயருகில் இறக்கிவைத்துவிடும். ஒலியை முந்தும் விமானங்களில் இருபத்து நான்கு வருடம் இருந்தவருக்கு இப்படி ஆவது இயல்புதான் என்று அந்தக் குடியிருப்பில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரம்தான் பிந்தியது. கல்யாணத்தன்று ஆவடி தேவாலயத்தில் அவருடைய சம்மதம் வந்துசேர ஆயர் ஏழு விநாடி காத்திருந்தார். அதன் பிறகு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. மனைவி ஸ்வீட்லின் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி நூலகர், மௌனம் அவளுக்குப் பழகிய பொருள். காலையில் இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டுத் தலைவாரப் போவாள். பின்னி முடித்துத் திரும்பும்போது பதில் வரும்.

படையில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. போர் விமானத்தில் ஒருவருக்குத்தான் இடம். கட்டளை காதில் விழுந்தால் வாயைத் திறக்காமல் ஒலிவாங்கியின் பொத்தானை இரண்டு முறை தட்டுவார்கள். புரிந்தது என்று அர்த்தம். ரூபஸ் தன் பணிக்காலத்தை அந்த இரண்டு தட்டலிலேயே ஓட்டிவிட்டார். கடைசி இரண்டு வருடம் முத்தாபுதுப்பேட்டையில் மேசை வேலை. அங்கே கோப்புகள் பேசின, அவர் கையெழுத்துப் போட்டார். தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும் ஜன்னலுக்குப் போகாமல் இருக்க மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார் என்று மட்டும் உடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஓய்வு பெற்ற அடுத்த மார்ச்சில், சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இரண்டே விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. இரண்டும் அறுபதுகளில் கட்டிய விசிறி விமானங்கள். பக்கத்துக்கு ஒரு டர்பைன் எஞ்சின், நாற்பத்தெட்டு இருக்கை, ஓவல் ஜன்னல். வேறெங்கும் அந்த வகை கண்காட்சியில்தான் நின்றது. ரூபஸ் சரி என்றார். அந்தச் சரி அவர் போனை வைத்த பிறகு கூடத்தில் வந்து விழுந்ததால், ஸ்வீட்லின்தான் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் துலுக்கானத்துக்கு இது பொறுக்கவில்லை.

"அண்ணாத்தே, நீ ஜெட்டு ஓட்டுன ஆளு. போயும் போயும் ஃபேன் வச்ச வண்டிய ஓட்டப் போறேன்னுகினு கீறியே! அது இன்னா, நம்ம ஆட்டோ கணக்கா தடதடன்னு போவும். உனுக்கு அசிங்கமா இல்ல?"

ரூபஸ் உதட்டை அசைத்துவிட்டு ஆட்டோவை விட்டு இறங்கிப் போனார். பதிலைக் கேட்டவர்கள் வங்கியில் வரிசையில் நின்றிருந்தவர்கள்தான்: "அதுல நாப்பத்தெட்டு பேர் என்கூட வருவாங்க, துலுக்கானம்."

ஆனால் இருவர் ஓட்டும் விமானத்துக்கு வேறு வழக்கம் இருந்தது. கிளம்புமுன் முப்பத்திரண்டு விஷயங்களை ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பார்த்துத் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையசைப்பும் விரல்தட்டலும் செல்லாது. துணை விமானியாக அமைந்த மோகனப்பிரியா அம்பத்தூர்க்காரி, இருபத்தொன்பது வயது, வாய் ஓயாதவள். முதல் நாள் அவள் "எரிபொருள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். "சார், சொல்லிட்டீங்களா, இல்ல இன்னும் யோசிக்கிறீங்களா?" அன்று முப்பத்திரண்டையும் முடிக்க ஒரு மணி ஒன்பது நிமிடம் ஆனது. அதற்குள் விமானம் தூத்துக்குடி வழியில் பாதிக்கு மேல் போயிருக்க வேண்டும். அந்த வகைக்குத் தரையில் பயிற்சி யந்திரம் எங்குமே மிச்சமில்லாததால் ரூபஸின் தகுதிப் பரீட்சையை ஆகாயத்திலேயே நடத்தினார் பரிசோதகர் கங்காதரன். மெதுவான மனிதர், யாரையும் கடிந்து பேசியதில்லை. இறங்கியதும் ரூபஸைத் தனியே அழைத்துப் போனார்.

"உங்க கை தங்கம், ரூபஸ். ஆனா அந்தக் கை என்ன செய்யுதுன்னு பக்கத்துல இருக்கிற பொண்ணுக்குக் காதால தெரியணும். மூணு வாரம் தர்றேன். அப்பவும் ஆகலைன்னா, கம்பெனி உங்களுக்கு ஆபீஸ்ல ஒரு நாற்காலி போடும்."

நாற்காலி என்ற சொல்லைக் கேட்டு ரூபஸ் மூன்று நாள் உதட்டை அசைக்கவே இல்லை. ஸ்வீட்லினுக்கு அந்த வித்தியாசம் தெரியும். பேசி முடித்து வரக் காத்திருக்கும் மௌனம் ஒன்று, வருவதற்கு ஒன்றுமே இல்லாத மௌனம் இன்னொன்று. இரண்டாவது வீட்டுக்குள் ஈரம்போல் ஏறியது. நான்காம் நாள் மோகனப்பிரியாவை வரவழைத்தவள் அவள்தான். சாப்பாட்டு மேசையில் தட்டுகளையும் மூடிகளையும் கருவிகள்போல் பரப்பிவைத்தார்கள். அரைமணி நேரம் தடுமாறியபின் மோகனப்பிரியா தாளைக் கீழே போட்டாள்.

"தனியாவே ஓட்டிப் பழகிட்டீங்க சார். நான் கேக்குற வரைக்கும் எதுக்கு வெயிட் பண்றீங்க? முன்னாடியே சொல்லிடுங்க. நான் கரெக்டா வந்து கேட்டுக்கிறேன்."

"நல்லா சொல்லும்மா," என்றாள் ஸ்வீட்லின். "பத்தொம்பது வருஷமா நான்தான் இவர் நேரம் பாத்துக் கேள்வி கேக்குறேன். ஒரு நாளாவது என் நேரம் பாத்து இவர் பதில் சொன்னதில்ல."

அவள் காப்பி கலக்க உள்ளே போனாள். பால் பொங்கி அடங்கிய பிறகு கூடத்திலிருந்து ரூபஸின் குரல் வந்தது: "தெரியும், ஸ்வீட்டி."

அன்றிலிருந்து ரூபஸ் இன்னொரு மனுஷியின் மூச்சைப் படித்தார். மோகனப்பிரியா எந்தக் கேள்விக்கு முன் எச்சில் விழுங்குகிறாள், எங்கே பக்கம் திருப்புகிறாள், எந்த இடத்தில் அவளுக்குக் கொட்டாவி வரும் என்பதெல்லாம் மனப்பாடமாயிற்று. எதிரி இரண்டு நிமிடம் கழித்து எங்கே இருப்பான் என்று கணிப்பதே அவருடைய பழைய தொழில். அதே கணக்கை இப்போது பக்கத்து இருக்கைக்குப் போட்டார். பதினாறாம் நாள், உதடு மட்டும் அசைய முப்பத்திரண்டு பதில்களையும் வரிசையாகச் சொன்னார். மோகனப்பிரியா கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் வாயை மூடுமுன் அதன் பதில் வந்து நின்றது. அவர் சொல்லிவிட்ட ஒவ்வொன்றையும், அது வந்துசேரும் நேரத்தில் விரல் தொட்டுச் சரிபார்த்தது.

பரீட்சை நாளன்று காலை வானம் வெளுத்திருந்தது. முப்பத்திரண்டும் பிசகவில்லை. கங்காதரன் விமானிகள் இருவருக்கும் பின்னால் இருந்த இருக்கையில் அமர்ந்து ஒன்றும் எழுதவில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு எஞ்சினின் சக்தியைக் குறைப்பார். செத்தது இடதா வலதா என்று விமானி உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் காத்திருக்க முடியாது. தவறாகச் சொன்னாலோ, பக்கத்தில் இருப்பவர் உயிரோடு இருக்கும் எஞ்சினை அணைத்துவிடலாம். இரட்டை எஞ்சின் விமானங்களில் அதைவிடப் பெரிய பொய் கிடையாது.

ஏறுமுன் கங்காதரன் விமானத்தைச் சுற்றி வந்ததை ரூபஸ் பார்த்திருந்தார். இடது விசிறியின் அருகே மட்டும் ஒரு கணம் நின்று, மாட்டை ஊசிக்குப் பிடிப்பதற்கு முன் தடவுவதுபோல் இறக்கையைத் தடவினார் அந்த மெதுவான மனிதர். அவர் எந்த வேலையையும் செம்பரம்பாக்கம் ஏரி கண்ணில் பட்ட பிறகே தொடங்குவார் என்பதும் முதல் பரீட்சையில் தெரிந்ததுதான். சக்கரங்கள் தரையை விட்டதும் ரூபஸ் உதட்டை அசைத்தார். இனி அதைத் திரும்ப அழைக்க வழியில்லை. போரூர் வீடுகள் கீழே நழுவின. அந்த வார்த்தை பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது, அது உண்மையா பொய்யா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக ரூபஸ் தன் குரலுக்காகக் காத்திருந்தார். ஏரி வெள்ளித் தகடாய்த் தெரிந்தது. கங்காதரனின் கை நீண்டது. விமானம் இடப்பக்கம் இழுத்தது, ரூபஸின் வலது கால் அதற்குள் மிதியை அழுத்திவிட்டிருந்தது.

"இடது எஞ்சின்," என்றது குரல், தெளிவாக, அவசரமில்லாமல்.

"இடது எஞ்சின், சரி," என்றாள் மோகனப்பிரியா.

இறங்கியபின் கங்காதரன் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தான் முடிவெடுப்பதற்கு முன்னால் தன் முடிவைச் சொன்ன ஆளுக்கு என்ன எழுதுவது என்று படிவத்தில் இல்லை. கடைசியில் 'குரல்: உரிய நேரத்தில்' என்று எழுதிக் கையெழுத்திட்டு எழுந்து நின்று கை கொடுத்தார்.

ரூபஸ் இப்போது வாரத்தில் ஐந்து நாள் தூத்துக்குடிக்குப் பறக்கிறார். வரவேற்பை ஏணிப்படியின் கீழேயே சொல்லிவிடுவார். அவர் இருக்கையில் அமரும்போது ஒலிபெருக்கியில் அது வரும். வானிலையையும் உயரத்தையும் அப்படியே முன்கூட்டிச் சொல்வார். ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்ல மறுத்துவிட்டார். பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்பதைச் சக்கரம் நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும், அதற்கு முன் சொல்ல எந்த விமானிக்கும் உரிமையில்லை என்பது அவர் கட்சி. ஆகவே விசிறிகள் ஓய்ந்து, கதவு திறந்து, ஏணி வந்து ஒட்டிய பிறகும் நாற்பத்தெட்டு பேரும் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் மேலே பையை இழுப்பதில்லை, போனை எடுப்பதில்லை. போன டிசம்பரில் ஏழாம் வரிசை ஜன்னலோரம் இருந்த ஸ்வீட்லினிடம், புதிதாக ஏறிய ஒருவர் எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்டார். "கேப்டன் சொல்லிட்டார். வந்துகிட்டிருக்கு," என்றாள் அவள், நிமிர்ந்து உட்கார்ந்து. அவரும் கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம் பத்து விநாடியில் அது வந்தது. பிறகு எல்லோரும் எழுந்து இறங்கினார்கள்.