சுப்புவின் வேகம் இரண்டு

ஆம்பூர் பைபாஸ் ஓரத்துச் சமுதாயக் கூடத்தின் வாசலில் சுப்பராயன் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நின்றார். அது பிளெக்ஸில். நிஜ சுப்பராயன் அதன் இடுப்பைக்கூட எட்டவில்லை. அந்த இடுப்புக்குப் பக்கத்தில் நின்றுதான் வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிளெக்ஸ் சுப்பராயனின் ஒரு கையில் மடிக்கணினி, மறு கையில் தீப்பந்தம். தலைக்கு மேலே ‘நிரலாளர் தன்மான மீட்பு மாநாடு’. காலுக்குக் கீழே ‘எங்கள் நிரலுக்குள் எட்டிப் பார்க்க நீ யார்?’

மாநாட்டுக்கு வந்த நிரலாளர்கள், அதாவது கோடிங் எழுதுகிறவர்கள், பதினோரு பேர். ஆம்பூரில் ஆறு, வேலூரில் நாலு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒருத்தர். நாற்காலி நூற்றைம்பது போட்டாகிவிட்டது. மிச்சத்தை நிரப்ப ஷூ கம்பெனி தையல் லைன் பெண்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு லீவு, சமோசாவும் உண்டு என்பதால் கூடம் நிறைந்துவிட்டது.

சுப்பராயன் முப்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் மேனேஜர். காலை எட்டு மணி ஒரு நிமிஷத்துக்குக் கேட்டை மூட வைப்பதுதான் அந்த வேலையின் சாரம். ரிட்டையர் ஆனதும் ‘சுப்பராயன் டிஜிட்டல் அகாடமி’ ஆரம்பித்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி அவர் அறையில். கம்ப்யூட்டர்கள் வெளியே. அவற்றில் ஒன்றில் ஹேமலதா கோடிங் எழுதினாள், இன்னொன்றில் தபரேஸ் படம் வரைந்தான். இரண்டு வருஷம் இருவரும் சேர்ந்து உழைத்ததில் ‘எட்டு மணி கேட்’ என்ற விளையாட்டு பிறந்தது.

விளையாட்டு சுலபம். நீங்கள் ஒரு தையல் லைன் பெண். சந்துகளில் ஓடி, ஆட்டுக்கூட்டத்தையும் தெருநாயையும் தாண்டி, ஷேர் ஆட்டோவில் தொற்றி, எட்டு மணிக்குள் கம்பெனி கேட்டைப் பிடிக்க வேண்டும். பின்னாலேயே ஒரு சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு துரத்துவார். பிடிபட்டால் அரை நாள் போச்சு. ஒரு பெரிய விளையாட்டுத் தளத்தில் அதை ஏற்றினார்கள். தளத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் எதையும் விடாமல் படிக்கிறவர்கள். தினம் பதினோராயிரம் பேர் விளையாடினார்கள். தையல் லைனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளையாடாத பெண்ணைப் பார்ப்பது கஷ்டம்.

உருவாக்கியவர் என்ற இடத்தில் மட்டும் சுப்பராயன் பெயர் இருந்தது. “ஷூவை யார் தைச்சாலும் பெட்டியில கம்பெனி பேர்தானே இருக்கும்” என்று விளக்கம் சொன்னார். தளத்திலிருந்து வரும் கடிதங்களும் அதனால் அவருக்கே வந்தன.

வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தின் முதல் வரி: ‘உங்கள் தனிப்பட்ட கோடிங்கை எங்கள் பரிசோதனை இயந்திரம் படித்துப் பார்த்தது.’

எந்தக் கடிதத்திலும் முதல் வரிக்கு மேல் படிப்பது மேனேஜர் ஆனவருக்கு அழகில்லை என்பது சுப்பராயனின் கொள்கை. அந்த ஒரு வரியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. ‘சீன். டேக் ஆக்ஷன்’ என்று எழுதிக் கடிதத்தை ஹேமலதாவுக்குத் தள்ளிவிட்டு, கூடத்துக்கும் பிளெக்ஸுக்கும் சொல்லிவிட்டார்.

மீதி வரிகளை ஹேமலதா படித்தாள்.

‘உங்கள் கோடிங்கில் சுப்பராயன் என்ற நபர் 214 இடங்களில் கேலி செய்யப்பட்டிருக்கிறார். கணக்கின் உரிமையாளர் பெயரும் சுப்பராயன் என்று இருக்கிறது. நீங்கள் உங்களையே கேலி செய்கிறீர்களா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. சம்பந்தப்பட்டவர் கீழ்க்கண்ட வரிகளைப் பார்வையிட்டு, தன் போனிலிருந்து விரல் ரேகை வைத்து ஒப்புதல் தர வேண்டும். தவறினால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு நீக்கப்படும். அதுவரை கோடிங் பூட்டப்பட்டிருக்கும்.’

இது வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு. ஹேமலதா அகாடமிக்கு வருமுன் நாலு வருஷம் ஷூ கம்பெனி சாம்பிள் செக்ஷனில் இருந்தவள். அங்கே ஒரு வழக்கம். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒரு ஷூவுக்கு இத்தாலிக்காரி பேர் ஏதாவது வைத்து அனுப்புவார். செக்ஷனில் அதற்கு வீட்டுப் பேர் ஒன்று வைப்பார்கள். குதிகாலைக் கடித்தால் ‘மாமியார்’. எத்தனை தடவை ஒட்டினாலும் வாயைப் பிளந்தால் பக்கத்து லைன் மேனேஜர் பேர். அதைப் பேனாவால் ஷூவுக்குள் எழுதி, மேலே லைனிங்கை ஒட்டி மூடிவிடுவார்கள். எந்த பையரும் லைனிங்கைக் கிழித்துப் பார்த்ததில்லை. அந்தக் கை கோடிங்குக்கு வந்தபோதும் பழக்கத்தை விடவில்லை. திரையில் ‘சூப்பர்வைசர்’. உள்ளே, லைனிங்குக்கு அடியில், ‘சுப்பு’. ஓர் இடத்தில் முழுப் பெயரும் இனிஷியலோடு.

விளையாட்டு போனால் திங்கட்கிழமை காலை அவளே எட்டு மணி கேட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். சாம்பிள் செக்ஷனில் அவள் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

“இன்னா ஹேமா, லைனிங்கைக் கிழிச்சுட்டானுங்களே” என்றான் தபரேஸ், மேடைக்குப் பக்கத்து அறையில்.

“பிரைவேட்டுன்னு பட்டன் வச்சதே அவங்கதான்டா. விளையாடறவங்களுக்கு உள்ள ஒரு எழுத்து தெரியாது. என் நோட்டுல நான் யாரை இன்னா எழுதினா இவங்களுக்கு இன்னா பேஜார்?”

“நீ ‘தொப்பை’ன்னு எழுதினதை மெஷின் ‘முன்பக்க விரிவாக்கம்’னு மாத்தியிருக்குது. மரியாதையான மெஷின்.”

“சிரிக்காதே. மணி மூணே முக்கால்.”

“சமோசா நேரத்துல அவரு போனையே அவருகிட்ட நீட்டு. ‘இங்க விரல் வைங்க சார்’னு சொல்லு. முப்பது வருஷம் படிக்காம கையெழுத்துப் போட்ட ஆளு. இன்னிக்கு மட்டும் படிக்கப் போறாரா?”

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. சுப்பராயன் நாலு மணிக்கு மைக்கைப் பிடித்தார்.

“என் நிரல் என் வீடு” என்றார். கைதட்டல். “என் வீட்டுக்குள் நான் வேட்டியை மடித்துக் கட்டுவேன், அவிழ்த்தும் கட்டுவேன்.” இதற்கும் தட்டினார்கள், கொஞ்சம் யோசித்து. “இந்த நிரலின் ஒவ்வொரு வரியும் என் வியர்வை. ஒவ்வொரு வரிக்கும் நான் பொறுப்பு.”

நாலு இருபதுக்கு, சமோசாத் தட்டு கதவருகே வந்துவிட்ட நேரத்தில், வேலூரிலிருந்து வந்த கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எழுந்தார்.

“சார், என் கோடிங்கையும் படிச்சாங்க. எலி பிடிக்கிற கேம். ‘எலியைக் கொல்’னு எழுதினதுக்கு நோட்டீஸ். உங்களுதுல இன்னா தப்புன்னு சொன்னாங்க?”

சுப்பராயனுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“ஒளிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? ஹேமா, போடும்மா ஸ்க்ரீன்ல.”

“சார், பிரைவேட்டுன்னுதானே இந்த மாநாடே” என்றார் கண்ணாடி இளைஞர்.

“அவன் பார்த்தால் அத்துமீறல். நான் காட்டினால் உரிமை.”

அன்றைய கூட்டத்தின் பெரிய கைதட்டல் இதற்குத்தான் கிடைத்தது.

“புரொஜெக்டர் ரிப்பேர் சார்” என்றாள் ஹேமலதா. புரொஜெக்டர் அப்போது சுப்பராயனின் பள்ளிப் பருவப் படத்தைத் தெள்ளத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது. தபரேஸ் ஒயரைக் காலால் இடறிப் பார்த்தான். ஒயர் அசையவில்லை, அவன்தான் விழுந்தான். சுப்பராயன் தன் போனையே இணைத்து, வெள்ளிக்கிழமைக் கடிதத்திலிருந்த இணைப்பைத் தட்டினார். இருநூற்றுப் பதினாலு வரிகளும் சுவரில் இறங்கின. மெஷின் தன் மொழிபெயர்ப்பையும் பக்கத்திலேயே போட்டிருந்தது.

‘சுப்பு மைக்கைப் பார்த்தால்: நில். நாற்பது நொடி பேசு. யாரும் கேட்காவிட்டாலும் பேசு.’

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். சுப்பராயன் கையில் மைக் இருந்தது.

‘யாராவது சுப்புவைக் கும்பிட்டால்: கடிகாரத்தை மற.’

‘சுப்பு முன்பக்க விரிவாக்கம்: சந்து அகலத்தில் முக்கால்.’

மூன்றாவது வரிசையில் யாரோ துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அது வஜீதா, தையல் லைனில் பத்து வருஷம், அதில் பாதி நாள் கேட்டுக்கு வெளியே.

“யார் இந்தச் சுப்பு?” என்றார் சுப்பராயன்.

இன்னும் சில துப்பட்டாக்கள் வாய்க்குப் போயின.

“ஹேமா, யார்ம்மா இது?”

“நம்ம கேம் சூப்பர்வைசர் சார்” என்றாள் ஹேமலதா.

“அவர் நல்ல மனுஷனாச்சே. கடமை தவறாத ஆள். நானே விளையாடிப் பார்த்துட்டுச் சொன்னேனே.”

“சார்” என்று வஜீதா எழுந்துவிட்டாள். “கோவிச்சுக்காதீங்க. வாட்சைத் தட்டிக்கிட்டு ‘எட்டு ஒண்ணு’ன்னு சொல்றது யாரு? லைன்ல எல்லாருக்கும் மொத நாளே தெரியும். நாங்க உங்களைத்தான் தினமும் சாப்பாட்டு நேரத்துல தோக்கடிக்கிறோம்.”

நூற்று நாற்பது பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் நிறைய இருந்தது. முப்பது வருஷமாகக் கேட்டுக்கு வெளியே சேர்ந்திருந்த சிரிப்பு.

மணி நாலு முப்பத்தொன்பது. ஹேமலதா மேடையேறினாள். இனி ஒளிக்க எதுவும் இல்லை.

“சார், தப்பு என்னுது. திட்டறதை நாளைக்குத் திட்டுங்க. அஞ்சு மணிக்குள்ள நீங்க விரல் வைக்கலைன்னா கேம் போய்டும். கீழ பட்டன் இருக்குது.”

சுப்பராயன் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடிதத்தைக் கடைசி வரை படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

“நாய் வேகம் நாலு” என்று படித்தார்.

“சார்?”

“ஆட்டோ ஏழு. சரி, ஆட்டோ. பொண்ணு அஞ்சு. நாய் நாலு.” விரலால் சுவரைத் தொட்டார். “நான் ரெண்டா?”

“அது சும்மா போட்டது சார். நொடிக்கு ரெண்டு மீட்டர்னு...”

“தொப்பை இருக்குது, ஒத்துக்கறேன். மைக் விஷயம், அது பேச்சாளனுக்குரிய குணம். ஆனா ரெண்டு எப்படிம்மா போட்ட? இண்டஸ்ட்ரியல் ஸ்போர்ட்ஸ் மீட்ல நானூறு மீட்டர் செகண்ட் பிரைஸ் நான்.”

“எந்த வருஷம் சார்?” என்றான் தபரேஸ்.

“வருஷம் எதுக்கு? எட்டுன்னு மாத்து, விரல் வைக்கிறேன்.”

“கோடிங் பூட்டியிருக்குது சார். நீங்க விரல் வச்சாத்தான் பூட்டே திறக்கும்.”

“விரல் வச்சப்புறம் நீ மாத்தலைன்னா? நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.” மைக்கைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். “வெளியே வா. ஓடறேன். நீயே அளந்துக்கோ. என்ன வருதோ அதைப் போடு.”

நாலு நாற்பத்தாறு. கூடம் மொத்தமும் வாசலுக்குக் கொட்டியது. சமோசாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பிளெக்ஸிலிருந்து பஞ்சர் கடை வரை ஐம்பது மீட்டர் என்று வேலூர் இளைஞர் போனில் அளந்து சொன்னார். போய் வந்தால் நூறு. ஐம்பது நொடிக்குள் வந்தால் இரண்டைத் தாண்டிவிடலாம். சர்வீஸ் ரோட்டில் வந்த இரண்டு ஷேர் ஆட்டோக்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள் வஜீதா. ஆட்டோவிலிருந்தவர்கள் இறங்கி, விஷயம் இன்னதென்று கேட்காமலே ஆர்வமானார்கள்.

“சார், செருப்பைக் கழட்டுங்க” என்றாள் ஒருத்தி.

“நம்ம கம்பெனி செருப்பு. இதோடவே ஓடுவேன்.”

தபரேஸ் கையை இறக்கினான்.

சுப்பராயன் ஓடினார். சொல்லத்தான் வேண்டும், முதல் இருபது மீட்டர் அபாரம். தோளில் கிடந்த பொன்னாடை பின்னால் பறந்தது. பெண்கள் பக்கத்திலேயே கூட ஓடினார்கள். “எட்டு ஒண்ணு சார், எட்டு ஒண்ணு, கேட்டை மூடறாங்க” என்று வஜீதா கத்த, அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு பயம் வந்தது. கால்கள் இன்னும் வேகமெடுத்தன. ஹேமலதா தன்னையறியாமல் “வாங்க சார், வாங்க சார்” என்று குதித்துக்கொண்டிருந்தாள். பஞ்சர் கடைச் சுவரைப் பதினெட்டாவது நொடியில் தொட்டுவிட்டார். அப்படியே திரும்பியிருந்தால் கிட்டத்தட்ட மூன்று வந்திருக்கும்.

பஞ்சர் கடைக்காரர் சத்தார் எழுந்து நின்று, “வணக்கம் சார், இன்னா இந்தப் பக்கம்” என்றார்.

சுப்பராயன் நின்றார். கும்பிட்டார். நலம் விசாரித்தார். மாநாடு பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். தூரத்திலிருந்து நூற்றைம்பது பேர் அலறுவது அவருக்கு வாழ்த்தாகக் கேட்டிருக்க வேண்டும்; அந்தப் பக்கம் திரும்பிக் கையசைத்தார். பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது மூச்சு முன்னால் வந்து சேர்ந்தது, அவர் பின்னால் வந்தார்.

தபரேஸ் போனைப் பார்த்தான். ஹேமலதாவிடம் காட்டினான்.

“எவ்வளோ?” என்றார் சுப்பராயன், பிளெக்ஸ் சுப்பராயனின் காலைப் பிடித்துக்கொண்டு.

“எழுபத்தொரு நொடி சார்.”

“கணக்குப் போடு.”

“ஒண்ணரைக்குக் கொஞ்சம் கம்மி” என்றாள் ஹேமலதா. “ஒண்ணுன்னுதான் போட முடியும் சார். பாதி போட மெஷின் ஒத்துக்காது.”

மணி நாலு ஐம்பத்தாறு. சுப்பராயன் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தார், பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக அவரைக் கண்டால் நடையை எட்டிப்போட்ட பெண்கள், இப்போது தங்கள் துப்பட்டாவால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு சமோசாவைக் கையில் வைத்தார்கள்.

“ரெண்டே இருக்கட்டும்மா” என்றார் மெதுவாக. “நீ மரியாதை தெரிஞ்ச பொண்ணு.”

தபரேஸ் கூடத்துக்குள் ஓடி, புரொஜெக்டரிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவர் கட்டைவிரலை வைத்தார். எண்ணெய் விரல்; போன் ஏற்கவில்லை. வஜீதா விரலைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். மறுபடி வைத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. யாரும் சமோசாவைக்கூட மெல்லவில்லை. நாலு ஐம்பத்தெட்டுக்கு வட்டம் நின்று, ‘ஒப்புதல் பெறப்பட்டது. கோடிங் திறக்கப்பட்டது’ என்று வந்தது.

தபரேஸ் ஹேமலதாவைத் தூக்கப் போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பதிலாகக் கண்ணாடி இளைஞரைத் தூக்கினான். வஜீதா விசிலடித்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரனடித்தார்கள். ஹேமலதா சாலையோரத்திலேயே உட்கார்ந்து, மடியில் மடிக்கணினியைத் திறந்தாள். இருநூற்றுப் பதினாலு வரியும் அப்படியே இருந்தன. அன்றைக்கு அதுவரை பதினோராயிரத்து நானூறு பேர் சுப்புவிடமிருந்து தப்பி ஓடியிருந்தார்கள்.

தோளுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சுப்பராயன் குனிந்து, கண்ணைச் சுருக்கி, வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், இது பிரைவேட்” என்றாள் ஹேமலதா.

“தெரியும்மா, தெரியும். மாநாடே அதுக்குத்தானே போட்டேன்.” இன்னும் கொஞ்சம் குனிந்தார். “அந்த நாயை மட்டும் ஒண்ணாக்கிடேன்.”