ஓரத்தில் எழுதிய மறுப்பு

அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நின்ற கோதுமை வயல்கள் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெளிர்மஞ்சளாய்க் கிடக்க, ஏரியை விட்டெழுந்த காட்டு வாத்துகள் கூவிக்கொண்டே தெற்கு நோக்கிச் செல்ல, தொடர்வண்டித் தடத்தின் அருகே நெடிதுயர்ந்து நின்ற தானியக் களஞ்சியங்களின் நிழல் கடைத்தெருவின் குறுக்கே விழுந்திருக்க, சஸ்காச்செவன் மாநிலத்து லிண்டால் ஊரில் ஒரு சனிக்கிழமை நண்பகல் பிறந்தது. அந்நேரத்தில் வழக்கறிஞர் ஓஸ்டாப் கோவலின் அலுவலகத்துக்குள் கணவனும் மனைவியுமாய் இருவர் நுழைந்தனர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. உலகத்தின் இரு பெரும் வல்லரசுகள் ஒன்றையொன்று சாம்பலாக்கும் ஆற்றலைப் பெற்றுவிட்டு, அதை எவன் வீட்டுக் கொல்லையில் வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்த காலம்.

கற்றறிந்த நண்பரே, எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. குடியிருக்கும் நிலத்தைக் கணவன் விற்பதானால் மனைவியும் கையொப்பமிட வேண்டும். அதற்கு முன் வழக்கறிஞர் கணவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, எவருடைய வற்புறுத்தலும் இன்றித் தன் முழு விருப்பத்தோடுதான் அவள் இடுகிறாளா என்று தனியே கேட்டறிய வேண்டும். நல்ல சட்டம்தான், நாங்கள்தான் அதை உப்புச் சப்பில்லாமல் ஆக்கிவிட்டோம். முப்பது ஆண்டுகளாகக் கோவல் அந்தக் கேள்வியை எழுதுகோலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்பார்; பெண்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையசைப்பார்கள்; வெளியே நிற்கும் கணவன் பற்றவைத்த சுருட்டில் பாதி கூடக் கரைந்திராது. மறுத்தவள் என்று ஒருத்தியும் அந்த ஊரில் இருந்ததில்லை.

வந்தவர் ஹால்வர் நிகார்ட். மூன்று முறை மாநில அவைக்கு வென்றவர். அம்முறை நாடாளுமன்றத்துக்கே போட்டியிட்டார். வென்றால் வேளாண் அமைச்சர் ஆவார் என்று கட்சித் தலைமை காதோடு சொல்லியிருந்தது. அதற்குக் கைம்மாறாகத் தலைமை கேட்டது ஒன்றுதான். லிண்டாலின் வடக்கே ஏவுகணைத் தளம் அமைக்கப் பதினைந்து உழவர்களின் நிலம் வேண்டும். பறித்தால் கெட்ட பெயர். ஆகவே அவர்களே மனமுவந்து கொடுத்ததாய் இருக்க வேண்டும். ஹால்வர் முதலில் கொடுத்தால் மற்ற பதினால்வரும் பின்தொடர்வார்கள். ஊரே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உடன் வந்தவள் அவர் மனைவி அகனேதா. போரை ஏற்காத மென்னோனைட்டுக் கிறித்தவக் குடியில் பிறந்தவள். உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்த அண்ணன் நான்காண்டுகள் காட்டில் மரம் வெட்டும் தண்டனை பெற்றதைக் கண்டவள். போர் முடிந்த குளிர்காலத்தில் கடல் கடந்து போய், குண்டு வீழ்ந்து எரிந்த ஒரு செருமானிய நகரில், சஸ்காச்செவன் கோதுமையில் காய்ச்சிய கஞ்சியை ஓராண்டு முழுவதும் ஏழைகளுக்கு ஊற்றியவள். கண்டதை நூலாக எழுதினாள். ‘விளைநிலத்தின் மறுமொழி’ என்ற அந்நூலை எங்கள் ஊர்ப் பெண்கள் சமையல் நூலின் அட்டையைப் போர்த்திப் படித்தார்கள். அவள் பேசிய ஒரு கூட்டத்தில் எழுந்து எதிர்வாதம் செய்து, செம்மையாய்த் தோற்று, மறுபடி வாதாட மூன்று ஞாயிறு தொடர்ந்து அவள் வீட்டுக்கு வந்தவர்தான் ஹால்வர். நான்காம் ஞாயிறு வாதத்தை விட்டுவிட்டுத் திருமணத்தைப் பற்றிப் பேசினார். பதினான்கு ஆண்டுகளாய் அவர் மேடையில் பேசுவதும், அவள் அமைதி ஊர்வலத்தில் நடப்பதும், இரவுணவுக்கு இருவரும் ஒரே மேசையில் அமர்வதுமாய் அந்த இல்லறம் ஒருவாறு ஓடிற்று.

அன்று காலை முட்டையும் ரொட்டியும் தின்றபடி, கொடுப்பது குடியிருக்கும் நிலத்தின் வடமூலையில் சிறு துண்டுதான் என்றார் ஹால்வர்; வேலி போட்டுவிடுவார்கள், கண்ணில் கூடப் படாது என்றார்; பெயருக்கு ஒரு கையெழுத்து, பன்னிரண்டு மணிக்குக் கோவலிடம் போய்விட்டு வந்துவிடலாம் என்றார். அகனேதா தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். தன் நல்ல மேலங்கியை எடுத்து உடுத்தினாள். அவள் உடன்பட்டுவிட்டாள் என்றே அவர் நினைத்தார். எழுதுகிறவள் பேசாமல் இருந்தால் அஞ்ச வேண்டும் என்பது பதினான்கு ஆண்டில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கம்போல் ஹால்வர் வெளியே போனார், கதவு சாத்தப்பட்டது. கோவல் எழுதுகோலைத் திருகிக்கொண்டே கேட்டார். அவள் தலையசைக்கவில்லை.

“நீங்க நிஜமாவே கேக்கறீங்களா கோவல், இல்ல சும்மா கேக்கறீங்களா?”

கோவலின் கை நின்றது. சட்டப்படி கேட்க வேண்டியது தம் கடமை என்றார். அப்படியானால் சட்டப்படியே மறுமொழி சொல்வதாகச் சொன்னாள் அவள். தனக்கு விருப்பமில்லை, அந்த மண்ணில் விளைந்து ஊர் ஊராய்ப் போய்ப் பசி தீர்த்த கோதுமையைத் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்தவள் தான், அதே மண்ணிலிருந்து ஒரு நகரத்தை எரிக்கும் நெருப்புக் கிளம்பத் தன் கை உடன்படாது என்றாள்.

கோவல் ஆவணத்தை இப்படியும் அப்படியும் புரட்டினார். “மறுத்தா அதை எழுத இதுல இடமே இல்லம்மா. ஒத்துக்கிட்டேன்னு மட்டுந்தான் அச்சடிச்சிருக்கு.”

“ஓரம் இருக்குல்ல. குடுங்க.”

ஓரத்தில், சிறிய நேரான எழுத்தில், “கேட்கப்பட்டேன். மறுத்தேன்” என்று எழுதினாள். ஊர்ச் செய்தித்தாள் அவளை எப்போதும் ‘திருமதி ஹால்வர் நிகார்ட்’ என்றே குறிக்கும். அவள் அதன்கீழ் ‘அகனேதா’ என்று தன் பெயரை மட்டும் இட்டாள்.

வெளியே ஹால்வரின் சுருட்டு முழுதும் எரிந்துவிட்டிருந்தது. கோவல் காட்டிய தாளைப் படித்ததும் அவர் முகம் வெளுத்தது. பின்பு சிவந்தது.

“வீட்டுலயே சொல்லியிருக்கலாமே அகனேதா. இப்படி ஊரறிய மானத்தை வாங்கணுமா?”

“வீட்டுல நீ கேக்கவே இல்லையே. கையெழுத்துப் போட வான்னுதான் சொன்ன. கேட்டது கோவல் மட்டுந்தான்.”

ஒன்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. தம் முட்டையைத் தாமே பொரித்துக் கருக்கித் தின்றார். தலைமையிலிருந்து நாள்தோறும் தொலைபேசி மணி அடித்தது: மனைவியை வழிக்குக் கொண்டு வா, அல்லது அவள் பேச்சுக்கும் உனக்கும் தொடர்பில்லை என்று கூட்டத்தில் சொல். அவளுக்கும் அந்த ஒன்பது நாளும் நெஞ்சு வெந்தது. அவரை அவள் நேசித்தாள், அவருடைய பதவிக் கனவைத் தன் கையாலேயே உடைத்தோமே என்று கிடங்கறையில் தனியே நின்று அழுதாள். ஆனால் எழுதியதை அடிக்க அவள் எண்ணவில்லை.

ஒன்பதாம் நாள், ஞாயிறு பிற்பகல், ஊர் மன்றத்தில் தேர்தல் கூட்டம்; அகனேதா மறுத்த செய்தி அதற்குள் ஊர் முழுதும் பரவியிருந்தது. ஹால்வர் பேச எழுந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், “பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன் நாட்டை எங்கய்யா ஆளப்போறான்?” என்றான். மன்றம் குலுங்கிச் சிரித்தது. தலைமை எழுதிக் கொடுத்த தாள் ஹால்வரின் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். முன்வரிசையில் அதே நல்ல மேலங்கியோடு நிமிர்ந்து அமர்ந்திருந்தவளையும் பார்த்தார்.

“சட்டம் என்னை வெளிய அனுப்பிட்டுத்தான் அவளைக் கேட்டுச்சு. நான் உள்ள நின்னிருந்தாலும் அவ அதைத்தான் சொல்லியிருப்பா. அவளைக் கேக்காம தலைமைக்கு வாக்குக் குடுத்தது என் தப்பு. நிலத்தைக் குடுக்கறதா இல்ல.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அமர்ந்தார். தேர்தலில் தோற்றார், நன்றாகவே தோற்றார். அமைச்சர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதன்பின் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை; அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பதினான்கு நிலங்கள் எஞ்சியிருந்தன. அடுத்த வாரம் ஊரிலேயே பெரிய நிலக்காரன் தன் மனைவி சிக்ரிட்டைக் கோவலிடம் அழைத்து வந்தான். வாய் திறந்து ஒரு சொல் பேசி எவரும் கேட்டிராத பெண் அவள்; மூத்த மகன் அவ்வாண்டுதான் படையில் சேர்ந்திருந்தான். கணவன் வெளியே போனான். கதவு சாத்தப்பட்டது. கோவல் இம்முறை எழுதுகோலைத் தொடவில்லை, இரு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, அவள் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சிக்ரிட் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேண்டாம்னும் சொல்லலாமா?” என்றாள்.

பதினான்கு பெண்களில் ஒன்பது பேர் மறுத்தனர். அரசு இறுதியில் ஆணையிட்டு நிலத்தைப் பறித்துக்கொண்டது, வேலியும் போட்டது. பறிக்கும் வல்லமை அரசுக்கு என்றும் உண்டு. ஆனால் அந்தத் தளத்துக்கு லிண்டால் மக்கள் எல்லாரும் மனமுவந்து நிலம் கொடுத்தார்கள் என்று எழுத அதனிடம் ஒரு தாளும் இல்லை. அதன்பின் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையசைத்ததில்லை.