புதைத்த முட்டைகள்

பௌர்ணமிக்கு முந்தின நாளே வரவேண்டிய முட்டை வண்டி, மறுநாள் காலையில்தான் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கிரிவலக் கூட்டத்துக்காகச் சாலையை அடைத்துவிட்டார்கள். பங்குனி வெயிலில் வண்டி ஊருக்கு வெளியிலேயே நின்றுகிடந்திருக்கிறது.

கீதாஞ்சலி அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். அப்போதெல்லாம் வாரத்தில் ஒரு நாள்தான் முட்டை. அன்றைக்கு மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளைகூட வந்துவிடும்.

சமையல் செய்யும் கன்னியம்மாள் குண்டானில் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போட்டாள். பாதிக்கு மேல் கெட்டு மிதந்தன. மூழ்கிய முட்டைகளில் ஒன்றைக் கீதாஞ்சலி உடைத்துப் பார்த்தாள். கரு கலங்கி, வாடை அடித்தது.

"முழுகுனதையாவது வேவ வெச்சிடலாம்மா. புள்ளைங்க ஏமாந்துடும்" என்றாள் கன்னியம்மாள்.

"வேணாங்க்கா. ஒரு புள்ளைக்கு வாந்தி பேதினு வந்தா இன்னா பண்றது?"

சமையற்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். பிள்ளைகளிடம் கீதாஞ்சலியே போய்ச் சொன்னாள். சத்தம் போடுவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் ஒன்றும் பேசாமல் சாம்பார் சோற்றைத் தின்றது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை கேட்டருகே சகாதேவன் நின்றிருந்தான். மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவன். அவன் மகள் வள்ளி நான்காவது படிக்கிறாள். கூடவே இன்னும் சில பேர்.

"வண்டி வந்தத என் கண்ணால பாத்தேன். அட்டை அட்டையா எறக்குனாங்க. எந்த ஓட்டலுக்கு வித்தே?"

கீதாஞ்சலிக்கு முகம் சுருங்கிப்போனது. சமையற்கூடத்திலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பின்னாடி வாங்கண்ணா. நீங்களே தோண்டிப் பாருங்க."

இரண்டு வெட்டுக்குள் நாற்றம் கிளம்பியது. வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். சகாதேவன் மட்டும் குனிந்து குழியைப் பார்த்தான். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து இறுக்கிவிட்டுப் போனான்.

அன்றைக்கு உலை வைக்கும்போது கீதாஞ்சலி அழுதாள். திருடி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் கேட்ட கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் முட்டைக் கணக்கை விசாரிக்க ஒன்றியத்திலிருந்து அதிகாரி பலராமன் வந்தார்.

"கவர்ன்மென்ட் பொருளும்மா. நாங்க பாத்து சொல்றதுக்கு முன்னாடி எப்படி அழிக்கலாம்?"

"வெயில்ல கெட்ட முட்டை சார். நீங்க வர்ற வரைக்கும் அடுப்பங்கரையில வெச்சிருக்க முடியுமா?"

"கெட்டுப்போச்சுனு யாரு பாத்தாங்க? நீங்களும் சமையல்காரம்மாவும் சொன்னா போதுமா?"

மகளைக் கொண்டுவந்து விட்ட சகாதேவன் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"நான் பாத்தேன் சார். நான்தான் தோண்டுனேன்."

"நீங்க யாரு?"

"இந்தம்மா வித்துட்டாங்கனு சண்டைக்கு வந்தவன் சார்."

பலராமன் கீதாஞ்சலியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"பௌர்ணமின்னா இந்தப் பக்கம் வண்டி வராதுனு எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் முன்னாடியே அனுப்பிட்டா இன்னா சார்?" என்றான் சகாதேவன்.

"சொல்லிப் பாக்கறேன்" என்றார் அதிகாரி. அதற்குமேல் விசாரிக்காமல் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

புதைத்த முட்டைகளுக்கு மாற்று வரவேயில்லை. கேட்டுக் கேட்டுக் கீதாஞ்சலி ஓய்ந்துபோனாள். ஆனால் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, பௌர்ணமி வரும் வாரங்களில் வண்டி இரண்டு நாள் முன்னதாகவே வரத் தொடங்கியது.

சகாதேவன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எதிரில் பார்த்தால், "இன்னிக்கு முட்டையாம்மா?" என்பான், அவ்வளவுதான். அவளும் "ஆமாண்ணா" என்பாள்.

வள்ளி வெள்ளைக்கருவை முதலில் தின்றுவிட்டு, மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வாள். சோறு தீரும்வரை அதைத் தொடமாட்டாள்.