குழாயில் காற்று

தீ என்றால் சினிமா எடுக்கிறவர்களுக்கு ஒரே கதைதான் தெரியும். ஒருவன் லைட்டரைக் கொளுத்திக் கூரைக்கு நேரே பிடிப்பான்; உடனே கட்டடம் முழுக்க மழை கொட்டும். இதைப் பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தண்ணிக்காரனுக்கு வாய் வலித்துப்போயிருந்தது. தண்ணிக்காரன் என்று பேரே தவிர, ஆள் ஒரு சொட்டு தொடமாட்டான். அந்தக் குளிர்கிடங்கில் தீயணைப்புக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு அறையில் மாட்டிக்கொண்டவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"அப்ப எல்லாம் ஒண்ணா கொட்டாதா?" என்று அவன் ஏமாற்றத்தோடு கேட்டான்.

"ஏன்யா கொட்டணும்? கூரையில தண்ணி பீச்சற ஒவ்வொரு தலையிலயும் சின்னதா ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கு. உள்ள செவப்பா தண்ணி மாதிரி ஒண்ணு. எந்தக் குப்பிக்கு சூடு ஏறுதோ அது மட்டும்தான் வெடிக்கும். பக்கத்துல இருக்கறது தேமேன்னு தொங்கும்."

"எல்லா இடத்துலயும் அப்படித்தானா?"

"ஆபீஸ் பக்கம் குழாயில எப்பவும் தண்ணி நிக்கும். குப்பி வெடிச்சா அப்பவே பீச்சும். கம்ப்யூட்டர் ரூம்ல அப்படி விட்டா, யாராவது ஏணியால இடிச்சாலே போச்சு. அதனால அங்க முதல்ல புகையையோ சூட்டையோ கண்டுபிடிச்சு மணி அடிக்கணும், அப்புறம்தான் குழாய்க்குள்ளயே தண்ணி வரும். வெளிய டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல இருக்கே, அது ஒண்ணுதான் உன் சினிமா. குப்பியே கிடையாது, எல்லா வாயும் திறந்தே இருக்கும். வால்வு திறந்தா மொத்தமும் கொட்டும்."

"நம்ம ஃப்ரீசர்ல?"

"அங்க தண்ணி நின்னா ஐஸாயிடாதா? அதனால குழாய் பூரா காத்து" என்றவன், அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். அவன் மனைவியின் டப்பா பக்கத்தில் திறக்காமல் இருந்தது. அவளும் அங்கேதான் வேலை. ஃப்ரீசர் கூடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி லேபிள் ஒட்டுவாள். "கடைசி அடுக்கு ஒண்ணுதான், முடிச்சுட்டு வந்துடறேன், நீங்க ஆரம்பிங்க" என்று சொல்லியனுப்பியிருந்தாள். மற்ற பெண்களெல்லாம் கனத்த கோட்டைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாயிற்று.

பேச்சை வளர்க்காததற்குக் காரணம் இருந்தது. காற்றுக்குழாய் என்று பேச்சு வந்தாலே கொஞ்ச நாளாக அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

விஷயம் சிக்கலானதல்ல. வால்வு அறையில் பெரிய குழாய்க்கு நடுவே கனத்த இரும்பு மூடி ஒன்று உண்டு. அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே காற்று அதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஃப்ரீசரில் குப்பி வெடித்தால் காற்று வெளியே போகும், அமுக்க ஆளில்லாமல் மூடி திறக்கும், தண்ணீர் பாயும். சில்லறைக் கசிவை ஈடுகட்டக் கம்ப்ரெஸர் ஒன்று மெல்லிய வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஊட்டிக்கொண்டிருக்கும். காலிக் குழாயை முதலில் நிரப்பும்போது மட்டும் திறப்பதற்கென்று பக்கத்திலேயே அகலமான வழி ஒன்றும் இருக்கிறது. நிரப்பியதும் அதை மூடிவிட வேண்டும். வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான்.

போன மாதம் எங்கேயோ ஒரு மூட்டில் கசிவு. மெல்லிய வழியால் ஈடுகொடுக்க முடியவில்லை. தீயுமில்லை புகையுமில்லை, மூடி தானாகத் திறந்து, ஃப்ரீசர் குழாய் முழுக்கத் தண்ணீர் ஏறி ஐஸாக இறுகிவிட்டது. குழாய்களைக் கழற்றி, உருக்கி, திரும்பப் பூட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மேனேஜர் எல்லோர் எதிரிலும் வைத்துக் கிழிகிழியென்று கிழித்தார். இன்னொரு தடவை அந்தப் பேச்சை வாங்க அவனால் முடியாது. அதனால் கசிவைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று அகலமான வழியைத் திறந்தே விட்டுவிட்டான். காற்றழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றது. மனசும் கொஞ்சம் அசையாமல் நின்றது. நாளைக்குத் தேடலாம், நாளைக்குத் தேடலாம் என்று நாள் ஓடிவிட்டது. மனுஷ புத்தி, வேறென்ன சொல்ல!

முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் கதவருகே யாரோ கத்தினார்கள்.

"ஃப்ரீசர்ல புகை! கதவு திறக்க மாட்டேங்குது!"

அவன் ஓடினான். ஃப்ரீசரின் பெரிய கதவு மின்சாரத்தில் பக்கவாட்டாக நகர்வது. உள்ளே மின்சாரம் போயிருந்தது. கையால் இழுக்கிற பிடி பனியில் இறுகிக் கிடந்தது. இரண்டு பேர் கடப்பாரையை இடுக்கில் விட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். கதவின் நடுவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவன் பார்த்தான். பின்சுவரில், குளிரூட்டும் விசிறியில் படிந்த பனியை உருக்குகிற சூடுகம்பி இருக்கும் இடத்தில் தீ. கூரை வரைக்கும் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் பற்றிக்கொண்டிருந்தன. உள்ளே, கதவை ஒட்டித் தரையில் முட்டிபோட்டு, கோட்டின் கழுத்துப் பட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் மனைவி. அவளும் அவனைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டிக் கண்ணாடியைத் தட்டினாள்.

"வந்துட்டேன்! வந்துட்டேன்மா!" என்று கத்தினான். அவளுக்குக் கேட்டிருக்காது.

தீக்கு மேலே ஏதோ பளிச்சென்று தெறித்தது. குப்பி வெடித்துவிட்டது. அப்பாடா, இதோ வரும், இதோ தண்ணீர் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எரிந்த அட்டைத் துண்டுகள் சிதறிப் பறந்தன. தீ தலையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்ந்து, முன்னைவிட வெறியோடு எழுந்தது. தண்ணீர் வரவில்லை. காற்று வந்துகொண்டிருந்தது. காற்று மட்டும்தான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. போகிற காற்று போய்த் தீர வேண்டும், தீர்ந்தால்தான் மூடி திறக்கும். போகப் போகக் கம்ப்ரெஸர் அந்த அகல வழியாக அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ரீசரில் மின்சாரம் போனாலும் அதற்குப் போகாது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும் என்று மேனேஜரிடம் மல்லுக்கட்டிப் போடவைத்ததே அவன்தான். அடுப்பை ஊதுகிற மாதிரி அவன் மனைவி இருக்கிற அறையில் தீயை ஊதிக்கொண்டிருந்தது அவன் திறந்துவைத்த வழி.

வால்வு அறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்தது. அவள் இங்கே இருந்தாள். அவள் கை கண்ணாடியில் இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் ஒரு அடி வைத்தான். அப்புறம் முதுகைக் காட்டி ஓடினான்.

"யோவ், எங்கய்யா ஓடறே?" மேனேஜர் எதிரே வந்து சட்டையைப் பிடித்தார். "உன் பொண்டாட்டி உள்ள இருக்காய்யா!"

"விடுங்க சார்!"

"உனக்கென்ன பைத்தியமா? அங்க ஆள் பத்தலை, கதவைப் பிடி!"

விளக்கம் சொல்ல ஏது நேரம்? அவரைத் தள்ளிவிட்டான். மனிதர் சுவரில் போய் மோதினார். "பயந்தாங்கொள்ளி! இவனெல்லாம் ஒரு ஆம்பளை!" என்று பின்னாலிருந்து கேட்டது. சொல்லிக்கொள்ளட்டும். நடைபாதையில் கால் வழுக்கி விழுந்தான், எழுந்தான், திரும்பவும் ஓடினான். கடவுளே, இந்த ஒரு தடவை, இந்த ஒரே தடவை. என் கையை எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ, அவளை விட்டுடு. ஒரு நாளும் கடவுளிடம் எதுவும் கேட்காதவன், கேட்கிற முறை தெரியாமல் எதையெதையோ கொடுக்கிறேன் என்றான்.

வால்வு அறையில் கம்ப்ரெஸர் குஷியாக ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் அசைய மனமில்லாமல் அப்படியே நின்றது. இத்தனை நாள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறான். "நாசமாப் போக!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை அடித்து அணைத்தான். காற்றை வெளியே விடுகிற வால்வின் கைப்பிடி நகரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை உதைத்துத் திருகினான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. "திற, திறடா, உன்னைக் கும்பிடறேன், திற!" என்று இரும்பிடம் கெஞ்சினான். அது ஒரு முனகலோடு திரும்பியது.

காற்று காதைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது. முள் இறங்க ஆரம்பித்தது. ஐயோ, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது! அவள் இப்போது மூச்சு விடுகிறாளா? தரையோடு தரையாகப் படுத்திருப்பாளா? புகை மேலேதான் நிற்கும், கீழே படு என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தாயே, அவளுக்குச் சொன்னாயா? தலையில் அடித்துக்கொண்டான். உரிந்த கையின் ரத்தம் நெற்றியில் ஒட்டியது.

குழாய்க்குள் சம்மட்டியால் அடித்தது போல ஒரு சத்தம். மூடி திறந்துகொண்டது. காலடித் தரை அதிர்ந்தது. தண்ணீர் மேலே ஏறுகிற இரைச்சல் கேட்டது, வெளிச்சுவரில் அபாயமணி கணகணவென்று அடிக்கத் தொடங்கியது. காற்றை வெளியே விட்ட வால்வையும் அந்த அகலமான வழியையும் இழுத்து மூடிவிட்டு அவன் வந்த வழியே ஓடினான். தண்ணீர் குழாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, தானும் போய்க்கொண்டிருக்கிறான், யார் முந்துவது என்கிற மாதிரி ஓடினான்.

தண்ணீர்தான் முந்தியது. அவன் வந்து சேர்ந்தபோது கடப்பாரைக்காரர்கள் ஆள் நுழையும் அளவுக்குக் கதவை நெம்பியிருந்தார்கள். உள்ளிருந்து நீராவியும் கரும்புகையும் கலந்து வந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் தவழ்ந்து போய், அவளைக் கோட்டோடு பிடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தான். முகம் கரி. நனைந்த கோட்டின் கை, அந்தக் குளிரில் அதற்குள்ளாகவே விறைத்துப் பலகையாகியிருந்தது. ஒரு கணம் ஒரு அசைவும் இல்லை. பிறகு இருமினாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

வெளியே மரத்தடியில் அவளை உட்காரவைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி, பிடித்துக்கொள்ளும்படி அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் வந்தார். அதற்குள் யாரோ அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும்.

"மன்னிச்சுக்கய்யா, வாய் தவறிப் பேசிட்டேன். நீ போய்த் திறக்கலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்! சரியான ஆளுய்யா நீ" என்று தோளைத் தட்டினார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவன் முகமூடியைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். எதுவும் சொல்லாவிட்டால் போதும், எல்லாம் இப்படியே முடிந்துவிடும். அகல வழி மூடியிருக்கிறது. அது திறந்திருந்தது அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவர்கள் நகர்ந்ததும் அவள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"ஏங்க."

"பேசாதேம்மா. மூச்சு விடு."

"இல்லங்க, சொல்லியே ஆகணும்." குரல் கரகரத்தது. "நீங்க திரும்பி ஓடினப்ப உள்ள இருந்து உங்களை என்னென்னவோ சொல்லிட்டேன். பாவி, கட்டையில போறவனே, நீ நல்லா இருப்பியான்னு. வாயில வந்ததையெல்லாம் கொட்டிட்டேன். நீங்க எனக்காகத்தான் ஓடியிருக்கீங்க. அது தெரியாம..." கண்ணீர் கரி வழியாகக் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அவன் ரத்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுங்க."

தீயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கன்னத்திலிருந்து கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"நீ சொன்னது சரிதான்" என்றான்.

"என்னங்க சொல்றீங்க?"

"தண்ணி தானா வந்திருக்கணும். நான் ஓடவே வேண்டியதில்லை. குழாயில காத்து தீராம இருந்ததுக்கு நான்தான் காரணம். மூட வேண்டிய வழியை மூடாம விட்டுட்டேன். மறுபடியும் திட்டு வாங்கப் பயந்துகிட்டு. தெரிஞ்சே விட்டேன்மா. அந்தக் காத்துதான் உன்மேல தீயை ஊதிச்சு."

ஆம்புலன்ஸ்காரர் வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். கன்னத்தில் வைத்திருந்த அவன் கையை மெதுவாக எடுத்து, அவன் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"அப்ப திட்டினது வீண் போகல" என்றாள்.

முகமூடியை அவன் கையிலிருந்து வாங்கி, தானே பிடித்துக்கொண்டாள்.